மறு: சம்மர் ஸ்குவாஷுக்குத் தமிழ்ச் சொல்

> "கோடைப் பூசணி" போதாதா? மஞ்சள் வகைக்கு "மஞ்சள் பூசணி".

வணக்கம். இரண்டாவதை முதலில் தள்ளிவிடுகிறேன். மயிலாப்பூர் மாடவீதியில் மஞ்சள் பூசணி என்று கேட்டால் சாம்பாருக்குப் போடும் பரங்கியில் ஒரு பத்தை வெட்டித் தருவார்கள்.

"கோடை"யும் ஒட்டவில்லை. முற்ற விட்டு, ஓடு தடித்ததும் பறித்துக் குளிர்காலத்துக்குச் சேமிப்பது விண்ட்டர் ஸ்குவாஷ். நகம் பட்டாலே கீறும் பருவத்தில் பறித்து உடனே சமைப்பது சம்மர் ஸ்குவாஷ். விஷயம் காயின் வயதில் இருக்கிறது. அதற்கு நம்மிடம் "பிஞ்சு" இருக்கும்போது சித்திரை வெயிலை ஏன் இழுக்க வேண்டும்? ஸ்குவாஷ் என்ற பெயரே, பச்சையாகத் தின்பதைக் குறித்த, நாரகன்செட் என்ற வட அமெரிக்கப் பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்ததுதான்.

என் முன்மொழிவு: பிஞ்சுப்பரங்கி. பூசணி வேண்டாம், வெண்பூசணியின் பேரினமே வேறு. பரங்கியும் சம்மர் ஸ்குவாஷும் குகுர்பிட்டா என்ற ஒரே பேரினம். பரங்கிப்பிஞ்சு ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். அது பரங்கியின் பிஞ்சு, இது பிஞ்சிலேயே தின்னும் பரங்கி.

வகைகளுக்கு வளைகழுத்து, நேர்கழுத்து போதும். சுரைக்காய்க்கே கழுத்து சொல்கிறோம். தட்டையாக, விளிம்பு அலையலையாக இருக்கும் பாட்டிபேனுக்குப் பம்பரப் பரங்கி. சுக்கினி சுக்கினியாகவே இருக்கட்டும், காய்கறிக்காரரே அப்படித்தான் சொல்கிறார். (இங்கே கடைகளில் மஞ்சளாகக் கிடைப்பது பெரும்பாலும் மஞ்சள் சுக்கினி. கழுத்து குறுகாமல் ஒரே பருமனாக இருக்கும்.)

பெயருக்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு என்றால், சமையல் கெடுகிறது. நான் மொழிபெயர்த்த குறிப்பில் "பூசணி" என்று எழுதியிருந்தேன். தங்கை அதை நம்பித் தோல் சீவி, தண்ணீர் ஊற்றி, மூடி வேகவைத்தாள். கூட்டு கஞ்சியாகிவிட்டது. காயே முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான்! பிஞ்சு என்றிருந்தால் தோலில் கை வைத்திருக்க மாட்டாள். பாசிப்பருப்பைத் தனியாக வேகவைத்துக்கொண்டு, தடிமனாக நறுக்கிய காயைக் கடைசி ஐந்து நிமிடம் போட்டால் போதும். வளைகழுத்தில் கழுத்துப் பகுதி கெட்டி, அதை முன்னால் போடவும். அப்புறம், சுரைக்காய்க்குச் செய்வதுபோல் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கி எறிய வேண்டியதுதான், அந்தக் கசப்பு வாந்தி பேதியில் விடும்.

மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள். பரங்கியா பறங்கியா என்று மட்டும் யாரும் இந்த இழையில் ஆரம்பிக்க வேண்டாம்.