ரீபெர்ஃபியூஷன்: மீள்குருதியோட்டமா, மீள்பாய்ச்சலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மாரடைப்புச் சிகிச்சைக்குப் பின் குருதியுறைதல் எப்படி மாறுகிறது என்ற பாடப்பகுதிக்குச் சொற்கள் தேவை. ரீபெர்ஃபியூஷன் (தடைபட்ட குருதி திசுவுக்கு மீண்டும் பாய்வது) என்பதை இதுவரை ‘மீள்குருதியோட்டம்’ என்று எழுதிவருகிறோம். அடுத்த பத்தியிலேயே ரீகேனலைசேஷன் (அடைபட்ட தமனி மீண்டும் திறப்பது) வருகிறது. அதற்கும் இதே சொல்லைப் போடலாமா?

-----

> அதற்கும் இதே சொல்லைப் போடலாமா?

கூடாது ஐயா. அந்தப் பாடத்தின் உயிரே இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது. அடைபட்ட தமனி திறப்பது ஒன்று, திசுவின் நுண்குழல்கள் வழியே குருதி பாய்வது வேறொன்று. மடையைத் திறந்த பிறகும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போவதுண்டல்லவா, இங்கும் அதே கதைதான்.

1974-இல் க்ளோனர் குழுவினர் நாய்களின் இதயத் தமனியைக் கட்டி, பிறகு அவிழ்த்துப் பார்த்தார்கள். 40 நிமிடத்தில் அவிழ்த்தபோது குருதி திசுவெங்கும் திரும்பியது. 90 நிமிடம் கழித்து அவிழ்த்தபோது, கட்டு முழுதாக நீங்கியிருந்தும் இதயச் சுவரின் உள்ளடுக்கில் பல இடங்களுக்குக் குருதி போகவில்லை. இன்றும் சிலருக்கு ஆஞ்சியோகிராமில் தமனியின் ஓட்டம் ‘டிமி 3’ என்று முழு அளவில் தெரியும், இசிஜியில் எஸ்.டி. ஏற்றமோ (இதயத்தசைக்குக் குருதி எட்டாததைக் காட்டும் கோட்டு உயர்வு) பாதிகூட இறங்கியிருக்காது.

காரணங்களில் பல உறைதலோடு தொடர்புடையவை. திரும்பி வரும் ஆக்சிஜன் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்குகிறது. குருதிக்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் வீங்குகின்றன. தட்டணுக்களை (பிளேட்லெட்) ஒட்டவைக்கும் புரதமான வான் வில்பிராண்ட் காரணியைத் தாங்கள் சேமித்து வைத்திருந்ததிலிருந்து கொட்டுகின்றன. தட்டணுக்களை விலக்கிவைக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் தம் டிஎன்ஏவை வலையாக வீச, அதில் தட்டணுக்கள் சிக்குகின்றன. மேலே உடைந்த குருதிக்கட்டியின் துணுக்குகளும் கீழே வந்து அடைகின்றன. இத்தனையும் தமனி திறந்த பிறகு நடப்பவை. ‘மீள்குருதியோட்டம் கிடைத்தும் குருதி ஓடவில்லை’ என்று எழுதினால் மாணவர் குழம்பத்தான் செய்வார்.

என் பரிந்துரை: ரீகேனலைசேஷன் – தமனித் திறப்பு, ரீபெர்ஃபியூஷன் – மீள்பாய்ச்சல், நோ-ரிஃப்ளோ (தமனி திறந்தும் திசுவில் குருதி பாயாமை) – பாயா நிலை. ‘மீள்பாய்வு’ வேண்டாம், வால்வில் பின்னோக்கிக் கசிவதாகப் படிப்பார்கள். ‘ஊடோட்டம்’ போன்றவை சவ்வூடுபரவலை நினைவூட்டும். ‘நாளத் திறப்பு’ அறவே கூடாது: இலங்கைப் பாடநூல்களில் நாளம் என்றால் சிரை. அங்குள்ளவர்களுக்கு ‘நாடித் திறப்பு’ என்றே இருக்கட்டும்.

-----

மீள்பாய்ச்சலை ஏற்கிறேன். அதே பாடத்தில் குருதிக்கட்டியை மருந்தால் கரைப்பதற்குக் ‘கட்டிக் கரைப்பு’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும். கரைந்ததும் உறைதல் முடிந்தது என்ற எண்ணத்தை அது தருகிறது.

கட்டியைப் பின்னும் ஃபைப்ரின் இழைகளில் ஒட்டியிருந்த த்ராம்பின் (உறைதலை நடத்தும் நொதி), கட்டி கரையும்போது வெளிப்படுகிறது. அது இன்னும் வேலை செய்யும் த்ராம்பின். ஃபைப்ரினில் ஒட்டியிருக்கும் வரை உறைதலைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினால் அதை நன்றாக அடக்க முடியாது. கட்டியைக் கரைக்கும் நொதியான பிளாஸ்மினே தட்டணுக்களைத் தூண்டுகிறது. அவை வெளியிடும் பி.ஏ.ஐ.-1 கரைப்பையே தடுக்கிறது. தமனி மறுபடி அடைபட இவையும் காரணம். ரீஆக்லூஷனுக்கு ‘மீளடைப்பு’ என்று வைக்கலாம்.

ஆகவேதான் கட்டி கரைக்கும் மருந்தான டெனெக்டெப்ளேஸ் போட்டதோடு நிறுத்துவதில்லை. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் கூடவே தரப்படும். 75 வயதுக்கு உட்பட்டவருக்கு எனாக்சாபரின் (ஹெப்பாரின் வகை) 30 மி.கி. சிரைவழி, பிறகு கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணிக்கொரு முறை தோலடியில். 75-உம் அதற்கு மேலும் ஆனால் சிரைவழி ஊசி கிடையாது, கிலோவுக்கு 0.75 மி.கி.தான். சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் 24 மணிக்கொரு முறை.

இன்னொரு கரைப்பு மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் (15 லட்சம் அலகு, 30 முதல் 60 நிமிடத்தில்) கட்டியோடு நிற்பதில்லை. ஃபைப்ரினின் மூலப்பொருளான ஃபைப்ரினோஜனை உடல் முழுதும் சிதைக்கும். ஒரே நோயாளியிடம் இதயத் தமனியில் மீளடைப்பு அச்சமும் மூளையில் குருதிக்கசிவு அச்சமும் சேர்ந்திருப்பது இப்படித்தான்.

-----

‘மீள்பாய்ச்சல்’ இன்னோர் இடத்திலும் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும்: கல்லீரல் மாற்று அறுவை. அங்கே கரைக்கக் கட்டி எதுவும் இல்லை. புதிய கல்லீரலை இணைத்து, அதற்குள் குருதி பாயக் கவ்விகளை எடுக்கிறார்கள். உடனே உறைதல் தளர்கிறது. குளிரில் இருந்த கல்லீரலின் குருதிக்குழாய் உட்சுவரிலிருந்து கட்டி கரைப்பைத் தூண்டும் டி.பி.ஏ. பெருகி வருகிறது, கூடவே ஹெப்பாரின் போன்ற பொருள்களும். உடல் குளிர்கிறது, ஏற்றிய குருதியிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எது காரணம் என்பதை, குருதி உறைவதையும் கரைவதையும் அளக்கும் ரோட்டெம் கருவி தன் சோதனைகளால் பிரித்துக் காட்டும். எக்ஸ்டெம் சோதனையில் கட்டி கரைந்து, ஆப்டெம்மில் (கரைப்பைத் தடுக்கும் பொருள் சேர்த்தது) நிலைத்தால் மிகைக் கரைப்பு. இன்டெம் சோதனையில் உறைய நேரமாகி, ஹெப்டெம்மில் (ஹெப்பாரினை நீக்கும் நொதி சேர்த்தது) சரியானால் ஹெப்பாரின் விளைவு. இரண்டும் பெரும்பாலும் தாமே தணியும். குருதிக்கசிவு இல்லாதபோது கருவியின் அளவை மட்டும் பார்த்து, கரைப்பைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்தால் கல்லீரல் தமனியிலேயே கட்டி உண்டாகும் ஆபத்து இருக்கிறது.

இதயத்தில் உறைதலைத் தூண்டுவதும், கல்லீரலில் அதைத் தளர்த்துவதும் ஒரே மீள்பாய்ச்சல். சொல் எந்தப் பக்கமும் சாயவில்லை. அதனால் எனக்கும் சம்மதம். குருதி திரும்பும்போது திசு கெடுவதைக் குறிக்கும் ரீபெர்ஃபியூஷன் இஞ்சுரியில், இஞ்சுரிக்கு ‘காயம்’ வேண்டாம், ‘மீள்பாய்ச்சல் ஊறு’ என்போம்.

-----

நன்றி. தமனித் திறப்பு, மீள்பாய்ச்சல், பாயா நிலை, மீளடைப்பு, மீள்பாய்ச்சல் ஊறு ஐந்தும் பட்டியலில் ஏறுகின்றன. ‘கட்டிக் கரைப்பு’ பதிவில் த்ராம்பின் விளக்கம் சேரும். பிளேட்லெட்டுக்குத் தட்டணு, தட்டயம் இரண்டில் எதை வைப்பது என்பது மட்டும் பாக்கி; வெள்ளிக்குள் சொல்லுங்கள்.