பெட்டா மீனுக்கு வயிறு வீங்கியிருக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் நீலநிற ஆண் பெட்டாவின் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருக்கிறது. துடுப்புகளை உடம்போடு மடித்துக்கொண்டு ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கியே கிடக்கிறான். நிறமும் வெளிறிவிட்டது. ஆளைக் கண்டதும் மேலே பாய்ந்து வருபவன் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, மனம் பதறுகிறது.

மேலிருந்து உற்றுப் பார்த்தேன். செதில்கள் சிலிர்த்து நிற்கவில்லை. அதனால் உடலில் நீர் கோக்கும் நோயாக இருக்காது, மலச்சிக்கல்தான் என்று நம்புகிறேன்.

20 லிட்டர் தொட்டி, நீர் 26 டிகிரி. சோதித்ததில், மீன் கழிவால் நீரில் சேரும் நஞ்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். தீவனத்தை நிறுத்தியிருக்கிறேன். ஃபில்டரின் வேகத்தைக் குறைத்து, விளக்கை அணைத்து, காய்ந்த வாதுமை இலை ஒன்றையும் போட்டிருக்கிறேன். வேகவைத்த பட்டாணி கொடுக்கச் சிலர் சொல்கிறார்கள்; பூச்சி, புழு தின்னும் மீனுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எப்சம் உப்புக் (மெக்னீசியம் சல்பேட்) குளியல் கொடுத்தவர்கள் இருந்தால், லிட்டருக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று தயவுசெய்து சொல்லுங்கள். சமையல் உப்பைக் கேட்கவில்லை. பட்டினிக்குப் பிறகு கொடுக்க உயிருள்ள டாஃப்னியா (நீரில் வாழும் நுண்ணிய உயிரி) கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்குமா? மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் சென்னையில் யாராவது உண்டா? படம் கேட்டால் உடனே அனுப்புகிறேன்.