குன்னூரின் புள்ளி எங்கே? வரைபட டைலுக்கு (வரைபடத்தின் சதுரத் துண்டுக்கு) எந்தப் பட வகை, ஜேபெக்கா (JPEG), பிஎன்ஜியா (PNG)?

மலைப்பாதை:
"கேஷ் டைல் (முன்பே வெட்டி சர்வரில் சேமித்த டைல்) எல்லாவற்றுக்கும் ஜேபெக் போதும், பிஎன்ஜி கேட்பவருக்கு டிஸ்க் விலை தெரியாது" என்று நேற்று சர்வர்பாண்டி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நம் நீலகிரி டைலில் குன்னூரைப் பாருங்கள். ன், ர் இரண்டின் மேலும் புள்ளி கரைந்து, சுற்றிலும் அழுக்கு ஒட்டிய மாதிரி இருக்கிறது. ஜேபெக் படத்தை 8x8 கட்டமாக வெட்டித்தான் சுருக்கும், எழுத்தின் கூரான ஓரம் அதில் தாங்காது. இப்போது அது குன்னூர் இல்லை, குனனூர.

சர்வர்பாண்டி:
ஜேபெக் தரத்தை 100க்கு 90ல் வையுங்கள், புள்ளி தெரியும். 60ல் வைத்துவிட்டு என் மேல் பாயாதீர்கள். உங்கள் பிஎன்ஜி8க்கு (8 பிட் பிஎன்ஜி) மொத்தமே 256 நிறம். தொட்டபெட்டா சரிவில் மலைநிழல் (மேடுபள்ளம் தெரியப் போடும் நிழல் சாயல்) பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கிறதே, அது கண்ணில் படவில்லையா?

மலைப்பாதை:
90லும் பார்த்துவிட்டேன். சிவப்பு எழுத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் நிறத் தகவலை ஜேபெக் தனியாக வேறு குறைக்கிறது. நான் கேட்டது புள்ளியைப் பற்றி, நீங்கள் மலைநிழலுக்கு ஓடுகிறீர்கள்.

தேயிலைக்காடு:
இரண்டு அடுக்காகப் பிரித்தால் என்ன? மலைநிழல் கீழே ஜேபெக்கில், பெயர்கள் மேலே பின்னணி இல்லாத பிஎன்ஜி32ல் (32 பிட் பிஎன்ஜி).

சர்வர்பாண்டி:
ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு டைல் இறக்க வேண்டும். ஒரு ஜூம் கூடினால் டைல் 4 மடங்கு, அதை யார் தாங்குவது? சர்வரைப் பார்த்துக்கொள்வது நான், நீங்கள் இல்லை.

கோடைமேகம்:
வெப்பி (WebP) என்ற பட வகையில் போடலாமே. 2020லிருந்து சஃபாரி பிரவுசரிலும் திறக்கிறது.

சர்வர்பாண்டி:
களத்தில் இருக்கும் பழைய டேப்லெட்டை நீங்கள் வந்து மாற்றித் தருவீர்களா?

மலைப்பாதை:
டேப்லெட் கதை அப்புறம். போன மழைக்காலத்தில் உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் மேலடுக்கையும் ஜேபெக்கில் போட்டோம். அதில் வெளிப்படைத்தன்மையே கிடையாது, எல்லைக்கு வெளியே வெள்ளைக் கட்டமாக விழுந்து கீழே இருந்த செயற்கைக்கோள் படத்தையே மறைத்தது. ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்து மறுபடி டைல் வெட்டியது நான். அன்றைக்கும் நீங்கள் 90 என்றுதான் சொன்னீர்கள்.

சர்வர்பாண்டி:
அன்றைக்கு ஓரத்து டைலுக்கு மட்டும் பிஎன்ஜி, நடுவில் ஜேபெக் என்று கலந்து வையுங்கள் என்றேன். கேட்காதது நீங்கள். இப்போதும் சொல்கிறேன், 90ல் புள்ளி தெரிகிறது.

தேயிலைக்காடு:
என் திரையில் ன் மேல் தெரிகிறது, ர் மேல் இல்லை.

மலைப்பாதை:
அந்த ர் புள்ளியைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.