மூலிகைகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல்: ஐசி50 மதிப்பை வைத்துத் தரவரிசைப்படுத்தலாமா?

தளிர்:
வணக்கம். நான் தாவரவியல் முதுகலை மாணவி. நெல்லி, கடுக்காய், துளசி, மஞ்சள் ஆகிய நான்கையும் ஒப்பிட்டுக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். ஆய்வுத்தாள்கள் பெரும்பாலும் டிபிபிஎச் சோதனையின் ஐசி50 மதிப்பை, அதாவது டிபிபிஎச் என்னும் பொருளில் பாதியைச் செயலிழக்கச் செய்யத் தேவைப்படும் சாற்றின் செறிவைத் தருகின்றன. அது குறையக் குறையத் தடுப்பாற்றல் கூடுதல் என்பது புரிகிறது. ஆனால் ஒரே தாவரத்துக்கு ஒரு தாளில் காணும் மதிப்பு மற்றொரு தாளில் பல மடங்கு வேறுபடுகிறது. இதை நம்பித் தரவரிசைப்படுத்தலாமா? மேலும், அத்தாள்கள் மெத்தனால் சாற்றை ஆராய்கின்றன. மரபு மருத்துவமோ குடிநீராகவும் (நீரில் காய்ச்சிய கஷாயம்) சூரணமாகவும் (பொடி) கொடுக்கிறது. இரண்டிலும் இருப்பவை ஒரே சேர்மங்கள்தாமா?

பகுப்பாய்வாளன்:
தரவரிசை வேண்டாம். டிபிபிஎச் என்பது ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட, எளிதில் சிதையாத, கருஊதா நிறத் தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல், அதாவது இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு). உடலில் அது எங்கும் தோன்றுவதில்லை. சாற்றிலுள்ள பீனால் சேர்மங்கள் அதற்கு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ வழங்கும்போது ஊதா மறைந்து மஞ்சள் வருகிறது. 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதல் எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் நாம் அளக்கிறோம். டிபிபிஎச்சின் தொடக்கச் செறிவு, கரைப்பான், வினை நிகழவிட்ட நேரம் ஆகியவற்றுள் எது மாறினாலும் ஐசி50 மாறிவிடும். எனவே, ஒரே ஆய்வகத்தில், ஒரே நிலைமைகளில், அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) போன்ற ஒரு திட்டப் பொருளையும் ஒப்பீட்டுக்காக உடன் வைத்து அளந்த மதிப்புகளை மட்டுமே ஒப்பிட முடியும்.

மொத்தப் பீனால் அளவைக் காட்டும் ஃபோலின் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. அந்த வினைப்பொருள் பீனால்களோடு மட்டுமன்றி அஸ்கார்பிக் அமிலத்தோடும் ஒடுக்கும் சர்க்கரைகளோடும் வினைபுரிவதால், நெல்லி போன்ற கனிகளில் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டும்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. கடுக்காயிலுள்ள செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் முதலிய டானின்கள் வெந்நீரில் நன்றாக இறங்குகின்றன. நெடுநேரம் கொதித்தால் அவை நீராற்பகுப்படைந்து காலிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகளாகப் பிரிகின்றன. துளசியின் ரோஸ்மரினிக் அமிலம் நீரில் கரையும். அதன் யூஜினாலோ, திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் ஆவியோடு பெரும்பாலும் போய்விடும். மஞ்சளின் குர்குமின் நீரில் கரைவதே அரிது. ஆகவே, மெத்தனால் சாற்றின் எண்ணைக் குடிநீரின் எண்ணாக எழுதுவது பிழையாகும். (இலையை எப்படி உலர்த்தினார்கள் என்பதையும் பாருங்கள், மெதுவாக உலரும் இலையில் பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி பீனால்களைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். பல தாள்கள் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.)

வேர்க்காவலர்:
முன்னவர் கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்க வேளாண் துறை, உணவுப் பொருள்களின் ஓராக் மதிப்புகள் (ஆய்வகத்தில் அளந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல்) அடங்கிய தன் பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டது. அம்மதிப்புகள் மனித உடலில் விளையும் பயனைக் காட்டுவதில்லை என்பதும், விளம்பரங்களில் அவை தவறாகப் பயன்படுத்தப்பட்டன என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

தளிர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் இச்சேர்மங்கள் உடலில் தனி உறுப்புகளை நேரடியாக அழிப்பதே இல்லையா?

மருந்தியல் வாசகன்:
குடலுக்குள் ஓரளவு அழிக்கக்கூடும். இரத்தத்தில் அதற்கான வாய்ப்பு குறைவு. பாலிபீனால்களின் இரத்தச் செறிவு பெரும்பாலும் 1 மைக்ரோமோலைத் தாண்டுவதில்லை. யூரிக் அமிலமோ அங்கே நூற்றுக்கணக்கான மைக்ரோமோல் அளவில் இருக்கிறது, செல்களுக்குள் குளூட்டாத்தயோன் மில்லிமோல் அளவில் இருக்கிறது. ஆகவே, இன்று ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கவனிக்கிறார்கள். குர்குமின் போன்றவை கீப்1 புரதத்தோடு வினைபுரிந்து என்ஆர்எஃப்2 என்னும் புரதத்தை விடுவிக்கின்றன. அது உட்கருவுக்குள் சென்று, குளூட்டாத்தயோன் தயாரிப்புக்கும் நச்சு நீக்கத்துக்கும் உரிய நொதிகளின் மரபணுக்களைத் தூண்டுகிறது. அதாவது, மூலிகைச் சேர்மம் செல்லின் சொந்தப் பாதுகாப்பை முடுக்கிவிடும் மெல்லிய எரிச்சலூட்டியாகச் செயல்படுகிறது. இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி செல் வளர்ப்பிலும் விலங்குகளிலும் கிடைத்தவை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடுக்காயிலுள்ளவை போன்ற எல்லாஜிடானின்கள் (ஒருவகை டானின்கள்) பெரும்பாலும் குடல் நுண்ணுயிரிகளால் யூரோலித்தின்கள் என்னும் சிறு மூலக்கூறுகளாக மாற்றப்பட்ட பிறகே உட்கிரகிக்கப்படுகின்றன. அந்த மாற்றம் எல்லோருடைய குடலிலும் ஒரே மாதிரி நிகழ்வதில்லை.

கூடுதல் அளவு கூடுதல் நன்மை என்ற கருத்து கட்டுரையில் நுழைந்துவிடாமல் பாருங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (இதுவும் ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் சுமார் 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. மிளகின் பைப்பரினும் அப்படித்தான்: 1998-இல் வெளியான மனித ஆய்வொன்றில் அது குர்குமினின் உட்கிரகிப்பைச் சுமார் 20 மடங்கு உயர்த்தியது, ஆனால் அதே பைப்பரின், பல மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் தடுக்கக்கூடியது.

கட்டுரையில் ஐசி50 அட்டவணைக்குப் பதிலாக, ஒவ்வொரு மூலிகைக்கும் சாறு எடுத்த முறை, எச்பிஎல்சி (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் நீர்ம நிறப்பிரிகை முறை) வழியே அளந்த முதன்மைச் சேர்மத்தின் அளவு, மனித இரத்தத்தில் பதிவான செறிவு ஆகிய மூன்றையும் தாருங்கள். மூன்றாவது நெடுவரிசையில் பல இடங்கள் காலியாகவே இருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.