புதுப்பிப்பு: 35,000 ரூபாயில் மைனிங் கணினி

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தை மைனிங் செய்ய (கணினியைக் கணக்குப் போட வைத்து நாணயம் சம்பாதிக்க) 35,000 ரூபாயில் கணினி கட்ட வேண்டும், பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று. வேண்டாம் என்றவர்கள் சொன்னதுதான் சரி. மொனேரோ 2019 முதல் ரேண்டம்எக்ஸ் என்ற கணக்கு முறையில் ஓடுகிறது. அதற்கு பிராசசர்தான் முக்கியம். பிராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் ஒவ்வொரு வேலைக்கும் (திரெட்) அதன் உள்ளேயே இருக்கும் வேக நினைவகத்தில் (கேஷ்) 2 எம்பி வேண்டும். பழைய ரைசன் 5 3600 பிராசசர் ஒன்று கிடைத்தது: 12 திரெட், 32 எம்பி எல்3 கேஷ். போதும், மிச்சமே இருக்கிறது. ஆனால் அதில் கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வராது என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. நண்பனிடம் ஓட்டை கார்டு ஒன்றை இரவல் வாங்கினேன்.

சொதப்பியது ரேமில். மலிவாக இருக்கிறதே என்று 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்கிவிட்டேன். ஒரே ஸ்டிக் என்றால் ரேம் பாதை ஒன்றுதான், வேகம் நொடிக்கு 5,500 ஹேஷ் (மைனிங் கணக்கு) தாண்டவில்லை. அதை மாற்றி 8 ஜிபி இரண்டு போட்டு, பயாஸ் செட்டிங்கில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியையும் இயக்கினேன். 7,000 பக்கம் வந்துவிட்டது. அப்புறம், பெயர் தெரியாத பவர் சப்ளை இரண்டாம் நாளே தீய்ந்த வாடை அடித்தது. கழற்றிப் போட்டுவிட்டு 450 வாட்டில் '80 பிளஸ் பிரான்ஸ்' தரச் சான்று உள்ள பவர் சப்ளை ஒன்று வாங்கினேன். பட்ஜெட் அங்கேதான் எகிறியது.

சுவர் பிளக்கில் அளந்தால் சுமார் 105 வாட். நாள் முழுக்க ஓட்டினால் நாளுக்கு இரண்டரை யூனிட், இரண்டு மாத பில்லில் 150 யூனிட் கூடும். எங்கள் வீடு ஏற்கெனவே 400 யூனிட்டை ஒட்டித்தான் இருக்கும். 500 தாண்டினால் கீழ் ஸ்லாப் யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். அதனால் இப்போதைக்கு இரவில் மட்டும் ஓட்டுகிறேன். அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.