கடவுள் நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் புத்தகம், கோடை விடுமுறையில் படிக்க

கேள்வி:
ஒன்றரை மாத விடுமுறை வருகிறது. போன வருடம் அப்பா இறந்ததிலிருந்து என்னால் பிரார்த்தனை செய்ய முடியவில்லை. கோபமெல்லாம் இல்லை. கண்ணை மூடினால், யாரிடம் பேசுகிறேன் என்ற கேள்வி வந்து நிற்கிறது, அவ்வளவுதான். அம்மா இன்னும் தினமும் கும்பிடுகிறார். அவரை முட்டாள் என்று சொல்லும் புத்தகம் எனக்கு வேண்டாம். எதில் ஆரம்பிக்கலாம்?

பதில் 1:
ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் ‘நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல’. 1927 மார்ச்சில் லண்டனில் ஆற்றிய உரை, ஒரே மாலையில் முடித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்கும் வேண்டும். காரணமின்றி ஒன்று இருக்கலாமென்றால் அது இந்த உலகமாகவே இருக்கலாமே என்கிறார். மதத்துக்கு அடிப்படை பயம் என்று முடிக்கும் பகுதி மட்டும் எனக்கு அவசரமாகப் பட்டது. உங்கள் அம்மா கும்பிடுவது பயத்தால் இல்லாமலும் இருக்கலாம்.

பதில் 2:
பொறுமை இருந்தால் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமின் ‘இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்’. அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1779இல்தான் வெளிவந்தது. கடவுளைப் பற்றி மூன்று பேர் பேசிக்கொள்கிறார்கள். வீட்டைப் பார்த்தால் கட்டியவர் ஒருவர் உண்டு என்கிறோம், சரி. வீடு கட்டுவதைப் பார்த்திருக்கிறோம்; உலகம் உருவானதை யார் பார்த்தது? அப்படியே கட்டியிருந்தாலும், ஒருவர்தான் கட்டினார் என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தை நான் நாலு முறை படித்தேன். எதிர்த்தரப்பையும் அவர் மட்டமாகப் பேசவிடவில்லை, அதுதான் அழகு.

பதில் 3:
முதலில் பகத்சிங். ‘நான் நாத்திகன் ஏன்?’, பொதுவுடைமைத் தலைவர் ஜீவா மொழிபெயர்த்தது. 1930இல் லாகூர் சிறையில் எழுதும்போது அவருக்கு வயது 23. அகந்தையால்தான் கடவுளை மறுக்கிறான் என்று நண்பர்கள் சொன்னதற்கான பதில் அது. நம்பிக்கை துன்பத்தை லேசாக்கும், ஆறுதல் தரும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தூக்குமேடை கண்ணுக்குத் தெரியும்போதும் அந்த ஆறுதல் தனக்கு வேண்டாம் என்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பகத்சிங்கை நேற்று இரவே படித்துவிட்டேன். ஆறுதல் பற்றிய அந்தப் பகுதியைக் காலையில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “பாவம், சின்னப் பையன்” என்றார். அப்புறம் வெகுநேரம் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்து ஹியூம்.