மெம்ஃபிஸ் கோல்ஃப் போட்டியும் மருத்துவமனையும்

கானாடுகாத்தான் ஆச்சி:
என் மகள் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இருக்கிறாள். அங்குள்ள கோல்ஃப் போட்டியில் இந்த ஆண்டும் தொண்டு செய்யப் போகிறாளாம். பணம் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது என்கிறாள். விளையாட்டுக்கும் மருத்துவமனைக்கும் எப்படி உறவு வந்தது?

தேவகோட்டை வாசகன்:
ஆச்சி, அந்தப் போட்டி 1958இல் மெம்ஃபிஸ் ஓப்பன் என்ற பெயரில் தொடங்கியது. நடிகர் டானி தாமஸ் வறுமையில் இருந்தபோது ஆங்கிலத்தில் செயின்ட் ஜூட் எனப்படும் கிறிஸ்தவப் புனிதர் யூதாவிடம் வேண்டிக்கொண்டார்; வழி காட்டினால் கோயில் எழுப்புவதாக நேர்ந்தார். அந்த நேர்த்திக்கடன்தான் 1962இல் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனை. புற்றுநோய் கண்ட குழந்தைகளின் குடும்பத்துக்கு அங்கே கட்டணச் சீட்டே வராது. 1970இல் அவர் தம் பெயரைப் போட்டிக்குத் தந்தார், வருமானம் மருத்துவமனைக்குச் சேர்ந்தது. 1977இல் அதே போட்டியில்தான் ஆல் கைபெர்கர் என்ற வீரர் பந்தை 59 முறை மட்டுமே அடித்து ஒரு சுற்றை முடித்தார். பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரில் அதுவே முதல் 59!

காரைக்குடிக்காரர்:
நம் வணிகர்கள் கணக்கில் மகமை, அதாவது தருமத்துக்கான பங்கு, எழுதி வைத்ததைப் போலத்தான் எனக்குப் படுகிறது.

கானாடுகாத்தான் ஆச்சி:
நேர்த்திக்கடன் என்றதும் கண் கலங்கிவிட்டது, தம்பி. என் அப்பச்சியும் மகமை எடுத்து வைத்த பிறகுதான் லாபத்தை எண்ணுவார். இன்றிரவே மகளிடம் சொல்கிறேன்.